பிரான்சில் ரொட்டி ஏன் அரசாங்க விஷயம்?

கோதுமைவயல் எழுதியது:

பிரெஞ்சு வரலாறு என்றால் நம்மில் பலருக்கு பாஸ்டில் சிறை, கில்லட்டின், நெப்போலியன், அதோடு பாடப்புத்தகம் முடிந்துவிடும். எனக்கு அந்த நாட்டின் மேல் பித்துப் பிடித்தது ரொட்டியால். கொஞ்ச நாளாகப் படித்ததையும் அங்கே பார்த்ததையும் இந்த இழையில் எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பிரான்சில் ரொட்டி என்பது மக்களுக்கும் ஆட்சியாளருக்கும் நடுவே இருந்த ஒரு வாக்குறுதி. ஆள்பவர் யாராக இருந்தாலும் ரொட்டி கிடைக்க வேண்டும், மக்களால் வாங்க முடிகிற விலையில் கிடைக்க வேண்டும். அந்த வாக்குறுதி பொய்த்தபோதெல்லாம் தெருவில் ஏதாவது வெடித்தது. இன்றைக்கு அங்கே ஒருவர் கடையில் நின்று ரொட்டி வாங்குவதிலும், வீட்டு மேஜையில் அதை வைக்கும் விதத்திலும் அந்தப் பழைய கதையின் தடம் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸிலிருந்து தொடங்குகிறேன். ஏழைக் குடும்பத்துக்கு ரொட்டிதான் சாப்பாடு. சூப், கொஞ்சம் காய்கறி, எப்போதாவது கறி, இவையெல்லாம் ரொட்டிக்குத் துணை. சாதாரண மக்கள் வாங்கியது நாலு பவுண்டு எடையுள்ள பெரிய ரொட்டி. நல்ல காலத்தில் அதன் விலை 8 அல்லது 9 சூ (சூ என்பது அந்தக் காலத்துச் சில்லறைக் காசு). கூலிக்காரர் ஒருவரின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ. குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரொட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல காலத்திலேயே கூலியில் பாதிக்கு மேல் ரொட்டிக்குப் போய்விடும்.

அதனால் ரொட்டிக் கடை அப்போதே போலீஸ் கண்காணிப்பில் இருந்தது. ரொட்டி சுடுகிறவர் தன் பெயரின் முதல் எழுத்துகளை ரொட்டியில் பதிக்க வேண்டும். எடை குறைந்தால் யாருடைய சரக்கு என்று பிடித்து அபராதம் போடுவார்கள். பாரிஸுக்கு வடக்கே இருக்கும் கோனெஸ் ஊர்க்காரர்கள் வாரத்தில் இரண்டு நாள் வண்டி வண்டியாக ரொட்டியைக் கொண்டுவந்து சந்தையில் விற்பார்கள். அவர்கள் வர ஒரு நாள் தாமதமானாலும் நகரம் பதறும்.

1774 செப்டம்பரில் பதினாறாம் லூயியின் நிதியமைச்சர் துர்கோ, தானிய வியாபாரத்தின் மேலிருந்த கட்டுப்பாடுகளை எடுத்தார். விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும், வியாபாரிகள் பற்றாக்குறை உள்ள இடத்துக்குத் தானாகத் தானியத்தைக் கொண்டுபோவார்கள் என்பது அவர் கணக்கு. அந்த வருஷ விளைச்சல் மோசம். விலை ஏறியது. 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸைச் சுற்றி 300-க்கும் மேற்பட்ட இடங்களில் கலவரம். இதற்கு மாவுப் போர் என்றே பெயர். என்னை உலுக்கியது அந்தக் கலவரக்காரர்களின் ஒழுங்கு. பல ஊர்களில் கூட்டம் தானிய மூட்டையைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்கு நியாயம் என்று பட்ட விலையைத் தாங்களே நிர்ணயித்து, அந்தப் பணத்தை வியாபாரி கையில் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனது. நியாய விலை என்று ஒன்று உண்டு, அதைக் காப்பாற்றுவது ராஜாவின் வேலை, அவர் செய்யாவிட்டால் நாங்கள் செய்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

அடுத்து 1788. ஜூலை 13-ஆம் தேதி பெரும் ஆலங்கட்டி மழை பயிரை நாசமாக்கியது. அந்தக் குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்தன, தண்ணீரால் ஓடும் மாவு ஆலைகள் நின்றன. 1789 பிப்ரவரியில் அதே நாலு பவுண்டு ரொட்டி பாரிஸில் பதினாலரை சூ. தானிய விலை உச்சத்துக்குப் போனது ஜூலை நடுவில். பாஸ்டில் விழுந்தது ஜூலை 14.

மதுரை வாசகர் எழுதியது:

நல்ல இழை சார், தொடருங்கள். ஒரு சந்தேகம். ரொட்டி இல்லையா, கேக் சாப்பிடட்டுமே என்று ராணி சொன்னாராமே, அது நிஜமா? பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் அதை நடித்தே காட்டுவார். அப்புறம் பெண்கள் அரண்மனைக்குப் படையெடுத்துப் போன கதையையும் எழுதுங்கள்.

கோதுமைவயல் எழுதியது:

அந்த வாக்கியத்தை ராணி மரி அந்துவானெத் சொன்னதாக எந்த ஆதாரமும் இல்லை. தத்துவஞானி ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பெரிய இளவரசி அப்படிச் சொன்னதாக எழுதுகிறார், பெயர் சொல்லவில்லை. அவர் அந்தப் பகுதியை எழுதியது 1760-களில். மரி அந்துவானெத் பிரான்சுக்கு மணப்பெண்ணாக வந்ததே 1770-ல். ஆனாலும் அந்த வாக்கியம் அவர் மேல் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அரண்மனை தானியத்தைப் பதுக்கி விலையை ஏற்றுகிறது என்று ஜனங்கள் மனதார நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு பஞ்சச் சதி என்று ஒரு பெயரே இருந்தது.

பெண்கள் நடந்துபோன கதை 1789 அக்டோபர் 5. அன்றைக்குக் காலையில் பாரிஸின் சந்தைப் பகுதிகளில் பெண்கள் திரண்டார்கள். மீன் விற்பவர்கள், துணி தைப்பவர்கள், ரொட்டிக் கடை வரிசையில் விடியற்காலையிலிருந்து நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள். அறுவடை முடிந்திருந்தது, ஆனாலும் மாவு நகரத்துக்குள் வரவில்லை. முதலில் நகரசபைக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். அங்கே ஆயுதம் எடுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் ராஜாவின் அரண்மனை இருந்த வெர்சாய்க்குப் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கூட்டம் ஆறேழாயிரம் இருக்கும் என்கிறார்கள். அவர்களை நடத்திக்கொண்டு போனவர் மாயார், பாஸ்டில் தாக்குதலில் பேர் வாங்கியவர்.

ராஜா அன்றைக்கு மெதோன் காட்டில் வேட்டையில் இருந்தார். சேதி போய்த் திரும்பி வந்தார். பெண்கள் அங்கே மக்கள் பிரதிநிதிகள் கூடியிருந்த தேசியப் பேரவைக்குள் நுழைந்து, நனைந்த பாவாடையோடு பிரதிநிதிகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அதில் சிலரை ராஜாவிடம் அழைத்துப் போனார்கள். பேசுவதற்குத் தேர்ந்தெடுத்தது லூயிஸோன் ஷாப்ரி என்ற 17 வயதுப் பெண்ணை. ரொட்டி என்று சொன்னதும் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பதிவாகியிருக்கிறது. ராஜா தானியம் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் விடியும் முன்பே கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து காவலர் சிலரைக் கொன்றது. ராணி தன் அறையிலிருந்து ஓடித் தப்பினார். மதியத்துக்கு மேல் ராஜ குடும்பமே பாரிஸுக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. கூடவே மாவு ஏற்றிய வண்டிகள். அந்த ஊர்வலத்தில் ராஜாவையும் ராணியையும் சின்ன இளவரசனையும் ஜனங்கள் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? ரொட்டிக்காரர், ரொட்டிக்காரரின் மனைவி, ரொட்டிக் கடைப் பையன். மூன்று பேரையும் கூட்டி வருகிறோம், இனி பசி இருக்காது என்று பாடிக்கொண்டே நடந்தார்கள்.

இதைக் கேலி என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலியை விட எதிர்பார்ப்புதான் அதிகம் தெரிகிறது. ராஜா என்பவர் நாட்டுக்கே ரொட்டி சுடுகிறவர், அவர் நம் பக்கத்தில் இருந்தால் அடுப்பு எரியும் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். லூயி அதன் பிறகு வெர்சாய்க்குத் திரும்பவே இல்லை.

வரலாற்று மாணவி எழுதியது:

ரொம்ப உயிரோட்டமாக எழுதுகிறீர்கள் ஐயா. ஆனால் ஒரு மறுப்பு. புரட்சியை ரொட்டியோடு மட்டும் கட்டிப்போடுவது சரியா? அமெரிக்கச் சுதந்திரப் போருக்குச் செலவழித்த கடன், பிரபுக்களும் மதகுருக்களும் வரி கட்டாத சலுகை, மூன்றாம் வகுப்பார் எனப்பட்ட மற்ற ஜனங்களுக்கு இருந்த ஆத்திரம், இவை எல்லாம் இல்லாமல் 1789 மே 5-ல் பொதுச் சபை கூடியே இருக்காது. பஞ்சம் அதற்கு முன்பும் பல தடவை வந்தது. 1709-ல் வந்த குளிரும் பட்டினியும் இன்னும் கொடுமை. அப்போது ராஜ்யம் கவிழவில்லையே. அப்புறம் இன்னொன்று. ராஜாவைக் கூட்டி வந்த பிறகாவது ரொட்டி கிடைத்ததா?

கோதுமைவயல் எழுதியது:

சரியான கேள்வி அம்மா. கடனும் வரிச் சலுகையும் இல்லாமல் வெர்சாயில் சபை கூடியிருக்காது, மறுப்பே இல்லை. ஆனால் சபை கூடியதும் வக்கீல்கள் விவாதம் பண்ணியதும் மட்டுமாக இருந்திருந்தால், ராஜா பட்டாளத்தை வைத்துக் கலைத்திருப்பார். அந்தச் சபையைக் காப்பாற்றியது தெரு. தெருவுக்கு ஆட்களை இறக்கியது ரொட்டி விலை. 1709-ல் பசித்த கூட்டத்துக்குப் பேசுவதற்கு ஒரு சபை இல்லை, 1789-ல் இருந்தது. இரண்டும் ஒரே கோடையில் வந்து சேர்ந்ததுதான் விஷயம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. ராஜா பாரிஸுக்கு வந்து இரண்டு வாரம் ஆன அக்டோபர் 21-ஆம் தேதி, நோத்ர தாம் பக்கத்தில் கடை வைத்திருந்த தெனி ஃபிரான்சுவா என்ற ரொட்டிக்காரரை, ரொட்டியைப் பதுக்கினார் என்று சொல்லிக் கூட்டம் இழுத்துப் போய் விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டது. தலையை வெட்டி ஈட்டியில் குத்திக் கொண்டுபோனார்கள். அதே நாளில் பேரவை இராணுவச் சட்டம் போட்டது. ரொட்டிக்காரரின் வாழ்க்கை எவ்வளவு ஆபத்தானது என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாவு வராததற்கு அவர் என்ன செய்வார்? ஆனால் வரிசையில் நிற்பவருக்குக் கண்ணில் படுகிற முகம் அவர் முகம்தான்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு ஆட்சியும் இந்தப் பயத்தோடுதான் ஆண்டது. 1791 ஜூலையில் ஒரு சட்டம், ரொட்டி விலையையும் இறைச்சி விலையையும் நகராட்சிகள் தற்காலிகமாக நிர்ணயிக்கலாம் என்றது. 1793 மே மாதம் தானியத்துக்கு உச்ச விலை, செப்டம்பரில் அத்தியாவசியப் பொருள் எல்லாவற்றுக்கும் உச்ச விலை. அதே வருஷம் நவம்பரில் சமத்துவ ரொட்டி வந்தது. பணக்காரருக்கு வெள்ளை ரொட்டி, ஏழைக்குத் தவிட்டு ரொட்டி என்று இனி கிடையாது, எல்லாருக்கும் கோதுமையும் ரை என்ற தானியமும் கலந்த ஒரே ரொட்டி. நாலு வருஷம் முன்பு மூன்று வகுப்பாகப் பிரிந்து கிடந்த நாட்டில், ஒரே ரொட்டியை எல்லாரும் சாப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டது எவ்வளவு பெரிய நினைப்பு! நடைமுறையில் நன்றாக ஓடவில்லை என்பது வேறு கதை.

1794 டிசம்பரில் உச்ச விலையை எடுத்தார்கள். காகிதப் பணத்தின் மதிப்பு ஏற்கெனவே சரிந்து கிடந்தது. விலை எகிறியது. 1795 மே 20-ல் பாரிஸ் ஜனங்கள் பேரவைக்குள் புகுந்து எழுப்பிய கோஷம், ரொட்டியும் 1793 அரசியல் சாசனமும். அந்த வரிசையைக் கவனியுங்கள், ரொட்டிதான் முதலில்.

நெப்போலியனும் இதில் கெட்டிக்காரர். பாரிஸ் ரொட்டிக்காரர்களுக்கு 1801-ல் உரிம முறை கொண்டுவந்து, ஆளுக்கு இவ்வளவு மாவு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார். 1863-ல் மூன்றாம் நெப்போலியன் அந்த உரிமக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினாலும், விலையில் கை வைக்கும் அதிகாரத்தை அரசு விடவில்லை. 1791-ன் அந்தத் தற்காலிகம் கை மாறிக் கை மாறி 1978 வரை வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில்தான் ரொட்டி விலைக்கு விடுதலை. நடுவில் மறுபடி கட்டுப்பாடு எட்டிப் பார்த்து, 1986 டிசம்பர் ஆணையோடு முழுசாக விலகியது.

இன்னொரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் 1940 செப்டம்பரில் ரொட்டிக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்தும் போகவில்லை. 1947-ல் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் என்று குறைத்தார்கள், ஜெர்மானியர் ஆண்ட காலத்து அளவை விடக் குறைவு. அந்த வருஷம் வேலைநிறுத்தமும் கலவரமும் நாட்டை ஆட்டியது. ரொட்டிச் சீட்டு ஒழிந்தது 1949-ல்.

லாசப்பல்_தம்பி எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் பாரிஸில் இருக்கிறன், பாண், அதுதான் ரொட்டி, போடுற வேலைதான் செய்யிறன். வாசிக்க வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. வேலைப் பக்கத்தால் கொஞ்சம் எழுதுறன்.

இஞ்ச பகெத் என்ற நீட்டுப் பாண் என்றாலே இரண்டு விதம். ஒன்று சாதாரண பகெத். மற்றது த்ரதிசியோன், கடையில் எல்லாரும் சுருக்கி த்ரதி என்றுதான் கேட்பினம். இந்த இரண்டாவதுக்குச் சட்டமே இருக்கு. 1993 செப்டம்பர் 13-ஆம் திகதி வந்த ஆணை. மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் அல்லது புளிச்ச மாவு, அவ்வளவுதான். ரசாயனம் ஒன்றும் சேர்க்க ஏலாது. எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. நூற்றுக்கு இரண்டு வீதம் வரைக்கும் ஃபேவ் அவரை மாவு, கொஞ்சம் சோயா மாவு, முளைவிட்ட கோதுமை மாவு, இதுகளுக்கு மட்டும் இடம் குடுத்திருக்கு. 1998-ல் இன்னொரு சட்டம்: அந்த இடத்திலேயே மாவு பிசைஞ்சு, உருட்டி, சுட்டால்தான் பூலான்ஜெரி, அதாவது பாண் கடை, என்று பலகை போடலாம். தொழிற்சாலையில் இருந்து உறைஞ்ச மாவை எடுத்துச் சூடாக்கி விக்கிறவை அந்தப் பேரைப் போட ஏலாது.

ஏன் இந்தச் சட்டம் வந்தது என்றால், போருக்குப் பிறகு எல்லாருக்கும் வெள்ளை வெளேர் என்ற பாண் வேண்டியிருந்தது. கறுத்த ரேஷன் பாணைச் சாப்பிட்டு அலுத்த சனம். அதால் மெஷினில் வேகமாகவும் நிறைய நேரமும் பிசைஞ்சு, மாவுக்குள்ள காத்தை ஏத்தி, பஞ்சு மாதிரி வெள்ளையாக்கிச்சினம். பாண் பெரிசாக வரும், ருசி போயிடும். இதை எதிர்த்து எழுதினவர் ரெய்மோன் கல்வெல் என்ற ஆசிரியர். மாவையும் தண்ணியையும் மட்டும் கலந்து அப்படியே ஓய விட்டிட்டு, பிறகு உப்பும் ஈஸ்டும் சேர்த்துக் கொஞ்ச நேரம் மட்டும் பிசைஞ்சால் காணும் என்று அவர்தான் காட்டினவர். இன்றைக்கும் எங்கட கடையில் அப்படித்தான்.

த்ரதி மாவு தண்ணி கூடின மாவு, கையில் ஒட்டும். முதல் நாள் பிசைஞ்சு குளிரில் இரவு முழுக்க விடுவம். விடிய நாலு மணிக்கு எடுத்துத் துண்டு போட்டு, மெதுவாக நீட்டி, மாவு தூவின துணியின் மடிப்புகளுக்குள்ள வரிசையாகப் படுக்க வைப்பம். அமத்தக் கூடாது, உள்ளுக்க இருக்கிற காத்துப் போயிடும். அடுப்புக்குத் தள்ள முதல் பிளேடால் மேலே கீற வேணும். கத்தியை நட்டுக்கு நிப்பாட்டாமல் சரிச்சுப் பிடிச்சு, தோலை மட்டும் சீவுற மாதிரி ஒரே இழுவை. யோசிச்சு நிண்டால் மாவு இழுபட்டுக் கிழியும். அடுப்பு 250 பாகை, உள்ளே போனவுடன் நீராவி விடுவம். நீராவி இருந்தால்தான் மேல் தோல் உடன காயாமல் பாண் எழும்பும், கீறின இடம் வாய் திறக்கும், மினுக்கமும் வரும். இருபது நிமிசத்துக்குப் பிறகு வெளியே எடுத்துக் கூடையில் நிப்பாட்டினால் தோல் வெடிச்சுச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சரி.

இன்னொன்று, 1919-ல் வந்த சட்டம் இரவு பத்து மணியில் இருந்து விடிய நாலு மணி வரைக்கும் பாண் வேலை செய்யக் கூடாது என்றது. பெரிய பாண் சுட நேரம் காணாது, மெல்லிசான நீட்டுப் பாண் கெதியாக வேகும், பகெத் பரவினதுக்கு அதுவும் ஒரு காரணம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவை. அடுத்த வருஷமே பாரிஸ் பகுதிக்கு ஒரு உத்தரவு வந்தது: பகெத் 80 கிராமுக்குக் குறையக் கூடாது, 40 சென்ரிமீற்றருக்குக் கூடக் கூடாது, விலை 35 சதத்துக்கு மேல் போகக் கூடாது. அண்ணை சொன்ன அரசாங்கக் கை இதுக்குள்ளயும் இருக்கு.

கோதுமைவயல் எழுதியது:

தம்பி, இந்த இழைக்கு இதைவிட நல்ல பதிவு வர முடியாது. மாவைத் துணி மடிப்பில் படுக்க வைப்பதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன், ஏன் அப்படி என்று இப்போதுதான் விளங்கியது. மிக்க நன்றி.

காரைக்கால்காரன் எழுதியது:

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதை பாதி வீட்டுக் கதை. 1954 நவம்பர் வரை புதுச்சேரி, காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்தில்தானே இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கிய குடும்பங்கள் இன்றும் உண்டு, ஜூலை 14 கொண்டாட்டமும் புதுச்சேரியில் நடக்கிறது. விறகு அடுப்பில் சுட்ட நீள ரொட்டி விற்கிற கடைகளும் இருக்கின்றன.

என் உறவினர் ஒருவர் பிரான்சிலிருந்து வந்தபோது, மேஜையில் ரொட்டி தலைகீழாகக் கிடந்ததைப் பார்த்துச் சட்டென்று நிமிர்த்தி வைத்தார். ஏன் என்று கேட்டால், அது ஆகாது என்று மட்டும் சொன்னார். அதற்குக் கதை உண்டா அண்ணே?

கோதுமைவயல் எழுதியது:

உண்டு அண்ணே, நல்ல கதை. அந்தக் காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றுகிறவன் கொலைகாரனைப் போல ஒதுக்கப்பட்டவன். அவனுக்கு ரொட்டி விற்க யாருக்கும் மனமில்லை. ஆனால் விற்காமலும் இருக்க முடியாது, அவன் அரசாங்க ஆள். அதனால் அவனுக்கான ரொட்டியைக் கடைக்காரர் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். தெரியாமல் கூட மற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். தலைகீழ் ரொட்டி மேஜைக்கு வந்தால் சாவு வீட்டுக்கு வரும் என்று அப்படி நிலைத்துப் போனது. கதை எவ்வளவு நிஜமோ, வழக்கம் நிஜம். மரண தண்டனையையே பிரான்ஸ் 1981-ல் ஒழித்துவிட்டது, இந்த வழக்கம் ஒழியவில்லை.

கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு பழக்கம் இருந்தது. புது ரொட்டியை வெட்டுவதற்கு முன் வீட்டுத் தலைவர் கத்தி முனையால் அதன் அடிப்பக்கத்தில் சிலுவை போடுவார். வயதானவர்கள் சிலர் இன்றும் போடுவார்கள். ரொட்டியைக் குப்பையில் எறிய அவர்களுக்கு மனம் வராது. காய்ந்து போனால் பாலிலும் முட்டையிலும் நனைத்து வெண்ணெயில் வாட்டுவார்கள், அல்லது வெங்காய சூப்பின் மேல் போட்டு சீஸ் தூவி அடுப்பில் வைப்பார்கள்.

மேஜை வழக்கங்களைப் பார்த்தால், வீட்டில் ரொட்டிக்குத் தட்டு கிடையாது. துணி விரித்த மேஜையில் அப்படியே வைத்துக்கொள்வார்கள். கூடையில் வருவது துண்டுகளாக வரும், ஆனால் தன் பங்கைக் கத்தியால் வெட்டுவது நாகரிகமில்லை, கையால் பிய்க்க வேண்டும். காலையில் வெண்ணெய் தடவிய துண்டை அகலக் கிண்ணத்துக் காபியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டில் பிரதான உணவு முடிந்து, இனிப்புக்கு முன்னால் சீஸ் வரும்போது ரொட்டிக்கு மறுபடி வேலை வரும். கடைக்குள் நுழைந்ததும் எல்லாருக்கும் பொதுவாக போன்ழூர் என்று வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டால், கடைக்காரம்மா முகம் இறுகுவதைப் பார்க்கலாம். வெளியே வந்து, நடுவில் சின்னக் காகிதம் சுற்றிய பகெத்தைக் கையில் பிடித்து, வீடு போய்ச் சேர்வதற்குள் நுனியைக் கடித்துவிடுவதும் ஊர் வழக்கம். குழந்தைகளை ரொட்டி வாங்க அனுப்பினால் நுனி இல்லாமல்தான் வரும், யாரும் திட்ட மாட்டார்கள்.

வரலாறும் அடுப்பும் சந்திக்கிற இன்னொரு இடம் ஜனவரி மாதம். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு கலெத் என்ற வட்டமான, பாதாம் விழுது உள்ளே வைத்த பலகாரம் வாங்குவார்கள். அதற்குள் முன்பெல்லாம் ஒரு அவரை விதை இருக்கும், இப்போது பீங்கான் பொம்மை. குடும்பத்தில் சின்னப் பிள்ளை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர் ஒரு துண்டை வெட்டி, இது யாருக்கு என்று கேட்பார். மேலே ஒன்றும் தெரியாத பிள்ளை கீழேயிருந்து ஒரு பேர் சொல்லும். பொம்மை யார் துண்டில் வந்ததோ அவர் அன்றைக்கு ராஜா, தலையில் காகிதக் கிரீடம். புரட்சிக் காலத்தில் ராஜா என்ற பேச்சே கூடாது என்று இந்தப் பலகாரத்தையும் நெருக்கினார்கள், சமத்துவப் பலகாரம் என்று பேரை மாற்றிப் பார்த்தார்கள். ஜனங்கள் பழைய பேரிலேயே சாப்பிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் ஜனாதிபதி மாளிகைக்கு வருகிற பெரிய கலெத்தில் மட்டும் பொம்மை வைப்பதில்லை. குடியரசின் வீட்டில் ராஜா தேர்ந்தெடுக்கக் கூடாது அல்லவா!

வரலாற்று மாணவி எழுதியது:

அருமை ஐயா. உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கபெல் என்ற உப்பு வரி படித்திருக்கிறேன்.

கோதுமைவயல் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்குத் தனி இழையே வேண்டும். உப்பு வரி நாடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. சில மாகாணங்களில் கடுமை, சிலவற்றில் லேசு, பிரெத்தாஞ் பகுதிக்கு விலக்கு. விலக்கு உள்ள இடத்தில் வாங்கி வரி உள்ள இடத்தில் விற்கக் கள்ளக் கடத்தல் பெருகியது, பிடிபட்டால் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை வரை போகும். 1790-ல் புரட்சி அந்த வரியை ஒழித்தது. பிரெத்தாஞ் வீடுகளில் இன்றும் உப்பிட்ட வெண்ணெய்தான் வைப்பார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் உப்பில்லாத வெண்ணெய். அந்த வரி விலக்கின் ருசி இது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

மதுரை வாசகர் எழுதியது:

இப்போது நிலைமை எப்படி சார்? அங்கேயும் எல்லாரும் சூப்பர் மார்க்கெட்டில்தானே வாங்குவார்கள்? நான் அடுத்த வருஷம் பாரிஸ் போகிற எண்ணம் இருக்கிறது. நல்ல ரொட்டி எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

கோதுமைவயல் எழுதியது:

நிலைமை கவலைதான். 1900 வாக்கில் ஒரு ஆள் நாளுக்குச் சுமார் 900 கிராம் ரொட்டி சாப்பிட்ட நாடு, இப்போது 100 கிராம் பக்கம் நிற்கிறது. 1970-ல் சுமார் 55,000 ரொட்டிக் கடை இருந்தது, இப்போது 35,000-க்கும் கீழே. பல கிராமங்களில் கடை மூடி, சதுக்கத்தில் ரொட்டி இயந்திரம் நிற்கிறது. காசு போட்டால் பகெத் வரும். கடை என்றால் அங்கே காலையில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசுகிற இடமும் கூட. அது போனால் கிராமம் பாதி போன மாதிரி என்று அந்த ஊர்க்காரர்கள் வருந்துவதில் நியாயம் இருக்கிறது.

2022 ஜனவரியில் ஒரு பெரிய பேரங்காடிச் சங்கிலி பகெத்தை 29 சென்டுக்கு விற்கப் போவதாக அறிவித்தது. நல்ல விலைதானே என்று யாரும் மகிழவில்லை. ரொட்டிக்காரர்கள், மாவு ஆலைக்காரர்கள், விவசாயிகள் மூவரும் சேர்ந்து கண்டித்தார்கள். அடுத்த வருஷம் மின்கட்டணம் பல மடங்கு ஏறியபோது ரொட்டிக்காரர்கள் பாரிஸில் ஊர்வலம் போனார்கள், அரசு இறங்கி வந்து பேசியது. மாவுப் போரில் விலை அதிகம் என்று கலகம், இப்போது விலை குறைவு என்று கண்டனம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ரொட்டிக்கு ஒரு நியாய விலை உண்டு. 2022 நவம்பர் 30-ல் பகெத் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றிய வாழ்க்கையையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது இந்தப் பின்னணியில்தான்.

வாங்குவது பற்றி நம் பாரிஸ் தம்பியே சொல்லட்டும்.

லாசப்பல்_தம்பி எழுதியது:

சொல்லுறன் அண்ணை. முதல், பலகையில் பூலான்ஜெரி என்ற சொல் இருக்கா பாருங்கோ. சும்மா பாண் விக்கிற இடத்தில் அந்தச் சொல் இராது. உள்ளே போய் த்ரதி ஒன்று என்று கேளுங்கோ. நல்லா வெந்ததா, கொஞ்சம் வெளிறினதா என்றும் கேக்கலாம், அவை எடுத்துத் தருவினம். நான் சொல்லுறது நல்லா வெந்ததை எடுங்கோ, ருசி தோலில்தான் இருக்கு. விலை சாதாரண பகெத்தை விடக் கொஞ்சம் கூட.

கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கோ. அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளி வரிசையாக இருந்தால், துளை போட்ட தட்டில் வைச்சுச் சுட்டது, கனக்க நேரம் அது தொழிற்சாலைச் சரக்காக இருக்கும். கல் அடுப்பில் நேரே வைச்சுச் சுட்டதன் அடி சமனாக, மாவு படிஞ்சு இருக்கும். பிறகு பிய்ச்சுப் பாருங்கோ. உள்ளே பால் நிறமில்லாமல் கொஞ்சம் மஞ்சள் பூத்த நிறம், துளைகள் சிறிசும் பெரிசுமாக ஒழுங்கில்லாமல் இருக்க வேணும். துளை எல்லாம் ஒரே அளவு என்றால் மெஷின் வேலை.

ஒவ்வொரு வருஷமும் பாரிஸ் நகராட்சி நடத்துற பகெத் போட்டி இருக்கு, 1994-ல் இருந்து நடக்குது. பேர் தெரியாமல் நடுவர்கள் ருசி பாப்பினம், நீளமும் எடையும் உப்பும் அளப்பினம். ஒரு கிலோ மாவுக்கு 18 கிராம் உப்பு என்று கணக்கு. வெண்டவருக்கு 4,000 யூரோவும், ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் குடுக்கிற வேலையும். 2023-ல் வெண்டவர் எங்கட ஆள், இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா, கடை 20-ஆம் வட்டாரத்தில். அந்தச் செய்தி வந்த அன்று பாரிஸில் தமிழ்க் கடைகள் கூடின லாசப்பல் பகுதியில் தெரியாத ஆக்கள் கூட ஒருவரை ஒருவர் மறிச்சுக் கதைச்சினம். வெண்ட கடைகளின்ட பட்டியலை நகராட்சி வெளியிடும், நீங்கள் வாறபோது அதைப் பாத்து வைச்சுக்கொள்ளுங்கோ.

கடையில் அநேகமாக வாரத்தில் ஒரு நாள் பூட்டு, எந்த நாள் என்று கதவில் எழுதியிருக்கும். ஆகஸ்டில் நிறையக் கடை விடுமுறை. முந்தி எல்லாரும் ஒரேயடியாகப் பூட்டாமல் யூலையில் பாதி, ஆகஸ்டில் பாதி என்று பாரிஸ் கடைகளுக்குக் கட்டாயம் இருந்தது, 2015-ல் அதை எடுத்திட்டினம். அதால் ஆகஸ்டில் வந்தால் இரண்டு மூன்று தெரு நடக்க வேண்டி வரும். ஏலுமென்றால் செப்டம்பரில் வாங்கோ, காலமை ஏழு மணிக்கு முன்னமே கடைக்குப் போங்கோ.